அண்ணியின் இடது கண்

ஆடி மாதத்து மழையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் விலக்கிப் பிடித்திருந்த கிளையைக் கைவிட, அது திரும்பி அடித்து அண்ணியின் வலது கண்ணைக் கீறிவிட்டது. தோட்டத்துக் கம்பவுண்டர் களிம்பு தடவி, பஞ்சு வைத்து, பாதி முகம் மறையும்படி கட்டுப் போட்டார். "மூணு நாளைக்குக் கட்டைப் பிரிச்சுப் போடாதீங்க. உள்ளார புண்ணு ஆறோணும்," என்று சொல்லி அனுப்பினார். அந்த வெள்ளைக் கட்டோடு அண்ணி லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற விதம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு, தினமும் ஏறி இறங்கும் படியைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். லீவு கிடைத்ததும் நோவைக் கூட்டிக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணியிடம் பெரிய அன்பெல்லாம் கிடையாது.

அன்று மாலை அவர் தேநீர் ஊற்றும்போது பாதி டம்ளருக்குள்ளும் பாதி தன் விரல்மீதும் விழுந்தது. "மத்தக் கண்ணுதான் நல்லா இருக்கே, அண்ணி?" என்று கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன். அவர் சுட்ட விரலை வாயில் வைத்து எடுத்தார். பிறகு, "இருக்கு. ஆனா அதுல ஒண்ணும் வரலியே," என்றார். "ஒன் மொகம் இருக்கிற எடத்துல மஞ்சளா என்னமோ தெரியுது. கண்ணு மூக்கெல்லாம் இல்ல."

அவருடைய இடது கண் மூக்குப் பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்கும். சிலோனிலிருந்து புறப்படும் முன்பு பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப் படம் எடுத்தபோது, படம் பிடிப்பவர் மூன்று முறை "இங்க பாருங்க" என்றார். அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, மூன்றாவது முறை கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எங்கள் அம்மா, மாறுகண்ணை மறைத்து அண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அவ்வப்போது சொல்லிக்காட்டுவார். மற்றபடி அது பார்ப்பவர்களுக்குத் தெரிகிற ஒரு குறையே தவிர, அவருடைய பார்வைக்கே குறை என்று யாரும் எண்ணியதில்லை. ஊசியில் நூல் கோக்க அவருக்கு வெகு நேரம் ஆகும். கொழுந்தைப் பறிக்கப் போன விரல் ஒரு கணம் காற்றில் தயங்கும். நீட்டிய பொருளை வாங்க வரும் கை முன்னதாகவோ பின்னதாகவோ நிற்கும். சோம்பல், அசமந்தம், மெத்தனம் என்று இதற்கெல்லாம் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். என்னிடமும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன.

நான்காம் நாள் கட்டைப் பிரித்தார்கள். வலது கண் தெளிந்துவிட்டது. அண்ணன் மறந்தார், அம்மா மறந்தார், நானும் மறந்தேன். அண்ணி மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்று பார்ப்பார். எதிரே மலை இருக்கும். அதன் மேல் கங்காணியின் குடை இருக்கும். பொத்திய கையை எடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவார். ஒரு நாள், மலை ஊற்று குழாயில் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, எதையோ யோசித்து முடித்தவர் போலச் சொன்னார்: "இந்த ஒத்தக் கண்ணும் ஒரு குச்சி பட்டுப் போச்சுன்னா, எம் புள்ளய நான் பாக்கவே மாட்டேன்." அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

குன்னூரில் ஒரு கண் டாக்டரம்மா இருப்பதாகவும், வாரத்தில் ஒரு நாள் தோட்டத்து ஆட்களைப் பார்ப்பதாகவும் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அண்ணி போக வேண்டும் என்றதும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இருவத்தெட்டு வருசமா இல்லாத கண்ணு, இப்ப எதுக்கு?" என்றார். கெட்ட மனிதரில்லை அவர். கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, தேவாலா மழைக்கு வந்து சேர்ந்த இந்த ஐந்து வருஷத்தில் எங்கள் எல்லோருக்குமே இல்லாதவற்றின் பட்டியல் நீளமாக இருந்தது. அதில் இதுவும் ஒன்று என்று அவர் நினைத்தார். அண்ணி அந்த வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை பஸ்ஸுக்கு நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் படித்தவள் என்பதால் பஸ் போர்டு படிக்க என்னையும் அனுப்பினார்கள். கூடலூரில் ஒரு பஸ், ஊட்டியில் ஒரு பஸ். வழியெல்லாம் குழந்தை என் மடியில் வாந்தியெடுத்தது. நான் அண்ணியை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். விளக்கைப் பிடித்து அண்ணியின் கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார். பிறகு வலது கண்ணை மறைத்துவிட்டு, கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்டார். முகத்துக்கு அருகே கொண்டுவந்தபோதுதான் அண்ணியால் சொல்ல முடிந்தது.

"ஏனுங்கம்மா, சின்ன வயசுல ஆருமே பாக்கலீங்களா? கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்க. கண்ணு கோணலா நின்னதால, அது அனுப்பறதை மூளை வேண்டாம்னு தள்ளி வச்சிருச்சு. இதைச் சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவோமுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேலையே குடுக்காம ஒதுக்கி வச்சிட்டு, சோம்பேறின்னு பேரு வேறயாங்க?" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி அதைக் கண்ணுக்காக மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

எட்டு, பத்து வயதுக்குள் பார்த்திருந்தால் நல்ல கண்ணைக் கட்டிவைத்து, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுத்துப் பழக்கியிருக்கலாம், இந்த வயதுக்குமேல் பலன் வராது, இருக்கிற கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காவலாக ஒரு கண்ணாடி மட்டும் எழுதிக்கொடுக்கப் பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் நின்றார். என் மடியிலிருந்த குழந்தை மேசைமேல் இருந்த பொம்மையைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. "பாப்பா எப்பவும் இப்படித்தான் பாக்குமுங்களா?" என்று கேட்டார். அண்ணி மாதிரியே தலையைச் சாய்க்கிறது என்று நாங்கள் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வழக்கம் அது.

குழந்தையின் இடது கண்ணை டாக்டரம்மா கையால் மறைத்தார். குழந்தை பேசாமல் பொம்மையையே பார்த்தது. வலது கண்ணை மறைத்தார். குழந்தை வீறிட்டு அந்தக் கையைப் பிய்த்துத் தள்ளியது. மறுபடி மறைத்தார், மறுபடி வீறிட்டது. நான்கு வயதுப் பிள்ளையின் கண்கள் நேராகத்தான் இருந்தன. எங்களில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. அண்ணி எழுந்து வந்து மகளின் வலது கண்ணைத் தானே ஒரு முறை பொத்திப் பார்த்தார். அழுகை அடங்கும்வரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"கண்ணு நேரா இருந்தாலும் இடது கண்ணுல பவர் கோளாறுங்க, அதையும் மூளை ஒதுக்கிட்டிருக்குது. ஆனா பாப்பாவுக்கு வயசு இருக்குதுங்க. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தெனமும் சில மணி நேரம் மூடி வைக்கோணும். மாசக்கணக்கா ஆகும். விடாமச் செஞ்சா வந்துரும்," என்றார் டாக்டரம்மா.

"அதே கட்டை எனக்கும் குடுங்க."

"உங்களுக்குப் பலன் இருக்காதுங்கம்மா."

"பரவால்லங்க. அவளுக்குத் தொணைக்கு."

அன்று தொடங்கியது. வேலை முடிந்து வந்ததும் தாயும் மகளும் வலது கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார்கள். இருட்டும்வரை அப்படியே இருப்பார்கள். முதல் வாரம் குழந்தை தன்னுடையதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தது. "அம்மா எடுக்கல பாரு. அம்மா எடுத்தா நீயும் எடு," என்பார் அண்ணி. அவர் எடுக்கவில்லை. இருவரும் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார்கள். கல்லை விட்டு அரிசியைப் பொறுக்கிப் போடுவார்கள். இரவுச் சோற்றில் கல் கடிபடும். தண்ணீரும் விறகும் என் தலையில் விழுந்தன. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீடுகளில் இருந்தவர்கள் எங்களுக்கு ஒத்தக்கண்ணு வீடு என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதங்களில் நான் அண்ணிக்கு உதவினேன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உதவினேன்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு உதவினேன்.

ஒரு மாலை இருவரும் கைகோத்துக்கொண்டு பீலிக்குப் போனவர்கள், பாதையோரக் கானின் வடிகால் பள்ளத்துக்குள் சேர்ந்து விழுந்தார்கள். குழந்தையின் முழங்காலில் ரத்தம். அண்ணியின் நெற்றியில் வீக்கம். அண்ணன் வந்தார், பார்த்தார். இரண்டு பேர் முகத்திலிருந்தும் பிளாஸ்திரியை உரித்து அடுப்பில் போட்டார். டாக்டரம்மா கொடுத்திருந்த பிளாஸ்திரிப் பொட்டலத்தையும் சேர்த்துப் போட்டார். "குருட்டுக் கூத்து போதும்," என்றார். லயமே கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி பழைய சேலையில் இரண்டு கீற்றுக் கிழித்தார். ஒன்றை மகளின் கண்ணாடிக்குள் மடித்துச் செருகினார், மற்றொன்றைத் தன் வலது கண்ணில் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டு, அண்ணன் நின்ற இடத்தை உத்தேசமாகப் பார்த்துச் சொன்னார்:

"இவளுக்கும் ஒரு நாள் இருவத்தெட்டு வயசாகுமுங்க. இல்லாத கண்ணு இப்ப எதுக்குன்னு இவளயும் ஒருத்தன் கேக்கப்படாது."

அண்ணன் வெளியே போய்விட்டார். மறுநாள் மாலை அவரே குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குன்னூர் போனோம். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று அங்கே ஒரு அட்டை உண்டு. மூன்று விரலை நீட்டியது போன்ற ஒரே குறி, வரிசைக்கு வரிசை சிறிதாகிக்கொண்டே போகும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு வருஷத்தில் குழந்தை இடது கண்ணாலேயே கடைசிக்கு முந்தைய வரிசைவரை தடுமாறாமல் காட்டியது. டாக்டரம்மா அதன் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுதத் தொடங்கியபோது, "என்னயும் ஒருக்கா பாருங்க," என்றார் அண்ணி.

மரியாதைக்காகத்தான் டாக்டரம்மா எழுந்தார் என்று நினைக்கிறேன். வலது கண்ணை மறைத்து, முதல் வரிசையில் குச்சியை வைத்தார். அண்ணியின் கை இடப்பக்கம் திரும்பியது. இரண்டாவது வரிசையில் கீழே திரும்பியது. மூன்றாவதில் கொஞ்சம் தயங்கி, மேலே. டாக்டரம்மா மறைப்பு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டு மறுபடி கேட்டார். மூன்று வரிசையும் சரியாக வந்தன. நான்காவது வரவில்லை.

"நாங்க படிச்சதுல இப்படி இல்லீங்களே," என்றார் டாக்டரம்மா. இதற்குமேல் பெரிதாக வராது, கோணல் நிமிராது, ஊசியில் நூல் கோக்கும் கஷ்டமும் போகாது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, என்னை வெகு நேரம் பார்த்தார். "ஒனக்கு மூக்குத்தி எடுப்பா இருக்கு," என்றார். நான் அந்த மூக்குத்தியைப் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததென்று நான் அறிந்த முதல் நாள் அதுதான். பஸ் வரும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது நடுவயதாகிவிட்டது. குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்தில் வேலை. இரண்டு கண்ணாலும் படிக்கிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். அண்ணி அவளோடு இருக்கிறார். அண்ணனும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. போன மாதம் நான் போயிருந்தபோது அவள் ஃபோனில் எதையோ படித்துவிட்டு, "சோம்பேறிக் கண்ணுக்கு இப்பல்லாம் பெரியவங்களுக்கும் வைத்தியம் செஞ்சு பாக்கறாங்களாம் அத்தை. கம்ப்யூட்டர்ல வெளையாட்டு மாதிரி வச்சுப் பழக்கறாங்களாம். கோயமுத்தூர்லகூட இருக்குதாம்," என்றாள். காலம் எப்படி மாறிவிட்டது என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். நானும் அந்த அர்த்தத்தில்தான் கேட்டுக்கொண்டேன். எழுபதைத் தாண்டிய அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கோயமுத்தூருக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.