மழைக்காலத்தில் குடிமாறும் ஓனரம்மா

விசாலாட்சி அம்மாள் தவறிவிட்டார் என்று அவர் மகன் முருகேசன் போனில் சொன்னபோது, பெரம்பலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். அரியலூரில் அவருடைய நான்கு வீட்டு வரிசையில் குடியிருந்த எங்களுக்கெல்லாம் அந்தப் பெயர் சட்டென்று பிடிபடாது. எங்களுக்கு அவர் ஓனரம்மா.

மற்ற ஓனர்கள் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதோடு சரி. இவருக்கு மழைக்கு முன்பே, ஆவணியிலேயே, மாடியைக் கூட்டும் வேலை தொடங்கிவிடும். சிமென்ட் லாரிகள் போகிற சாலை என்பதால் மாடியெல்லாம் சிமென்ட் தூசி. நல்ல பெயர் வாங்கலாமென்று என் மனைவி ஒருமுறை வாளியோடு மாடிக்குப் போக, பின்னாலேயே ஓடி வந்தார். “ஐயையோ, கழுவாதம்மா! காய்ஞ்சபடியே கூட்டி அள்ளிடணும். தண்ணி பட்டா கொழாய்க்குள்ள போயி கல்லாயிடும்.”

அந்த ஐப்பசியில் எங்கள் மகள் நிலாவுக்கு இழுப்பு வந்தது. ஆறு வயதுக் குழந்தை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. வீட்டில் எங்கோ சுவரில் ஈரம் ஊறி ஓதம் இருக்கிறது என்றார் மருத்துவர். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார், கறை எதுவுமில்லை. வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லப் போனேன்.

ஓனரம்மா கேட்டுவிட்டு, “கொஞ்ச நாளு நீங்க எங்க வூட்டுல இருங்க சார், நான் அங்க வந்து படுத்துப் பாக்கறேன்” என்றார். பாயும் தலையணையுமாக வந்தேவிட்டார். “ஓனரம்மாவே வாடகைக்கு வந்துட்டாங்க டோய்” என்று தெருவே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

சில நாளில் கொத்தனாரை அழைத்து, அலமாரிக்குப் பின்னால் ஓரிடத்தைக் காட்டி உடைக்கச் சொன்னார். உள்ளே மாடியிலிருந்து இறங்கும் குழாய், எப்போதோ யாரோ கழுவிவிட்ட தூசி இறுகி அடைத்துக் கிடந்தது. தண்ணீர் முழுக்கச் சுவருக்குள் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு நிலா நிம்மதியாகத் தூங்கினாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “அதான் படுத்துப் பாத்தனே” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மோப்பமா, காதா என்று நானும் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

காரியத்தன்று முருகேசனிடம் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“அம்மாவுக்கும் இழுப்பு உண்டுங்களே, தெரியாதா? மூலைக்கு மூலை பாயப் போட்டுப் படுக்கும். எங்க மூச்சு முட்டுதோ அங்கதான் ஓதம்னு சொல்லும். வேணாம்னா கேக்காது.”

கல்லூரிக்குப் போகிற நிலா பக்கத்தில் நின்று தேம்பினாள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அவளுக்கு லேசாக இழுப்பு வரும்.

ஓனரம்மாவிடமிருந்து என்னிடம் தங்கியது, மழைக்கு முன் மாடியைக் கூட்டும் பழக்கம் ஒன்றுதான். அதை நான் விடப்போவதில்லை. எங்கள் கீழ்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்புகையில், பெரம்பலூர் நெருங்கும்போது நிலா சொன்னாள்.

“அப்பா, மழ ஆரம்பிச்சதும் கீழ்வூட்டுக்காரங்கள மேல வரச் சொல்லுங்க. நான் அங்க போயி படுத்துப் பாக்கறேன்.”