வளையத்துக்குள் கொஞ்சம் இரும்பு

“அந்த ஊர்ல உனக்கு என்னாதான்டி வேலை?” என்று கேட்டாள் கன்னியம்மாள்.

“அழுக்கு இருக்குதான்னு பாக்குற வேலைம்மா,” என்றாள் மகள் அஞ்சலாட்சி.

“அதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன? நெல்லித்தோப்புல இல்லாத அழுக்கா?”

அஞ்சலாட்சி ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு சுலோசனாவும் தலையைக் குனிந்தபடியே சிரித்தாள்.

“பெரிய உளுந்துவடை மாதிரி ஒரு வளையம்மா. அதுக்குள்ள ஹைட்ரஜன் வாயுவைச் சூரியன் கணக்கா காய்ச்சுவாங்க. பிளாஸ்மான்னு பேரு. எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தம்தான் அதைச் செவுத்துல படாம அந்தரத்துல புடிச்சு வைக்கும். அப்பவும் செவுத்துலேர்ந்து துளி இரும்பு, துளி கரி உள்ள போயிடும். போனா, சூட்டையெல்லாம் வெளிச்சமாக்கி வெளிய கொட்டிடும்.”

“துளி இரும்புக்கா?”

“நீ துளி மோருதான் விடுற. அப்புறம் பால், பாலாவா இருக்குது?”

“சரி, கைய வுட்டா பாப்ப?”

“அந்த வெளிச்சத்தை வச்சுத்தான். புற ஊதா. கண்ணுக்குத் தெரியாது. போட்டோத் தகட்டுல பிரிச்சு விழவச்சா கோடு கோடா பதியும். இரும்புக்கு ஒரு இடம், ஆக்சிஜனுக்கு ஒரு இடம். எங்க விழுந்திருக்கு, எவ்ளோ கருப்புன்னு அளந்தா போதும்.”

கன்னியம்மாளின் முகம் மாறியது. “அது உன் மேல படுமா?”

“படாதும்மா. அது காத்தைக்கூடத் தாண்டாது. அதுக்காகவே வெளிச்சம் வர்ற குழாயில இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துடுவோம். என் கைக்கு வர்றது வெளிய எடுத்த தகடு மட்டுந்தான்.”

“போன தடவையும் இதத்தான் சொன்ன.”

போன தடவை நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

பஞ்சாலைத் தொழிலாளியின் மகளான அஞ்சலாட்சி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ராஜாங்கத்துக்குக் கழுத்தை நீட்டிப் பாரீசு போனவள். ஊருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. இருட்டறையில் தகடு ஈரத்தோடு எழும்போது கோடுகள் ஒவ்வொன்றாக மிதந்து வருமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து சுலோசனா கண்ணை மூடினாலே நீருக்கடியில் கோடுகள் தெரிந்தன.

எண்பதாம் ஆண்டு பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தது.

“சூரியனைச் சுத்தி இருக்கிற வெளிச்சத்துலயும் இரும்பு இருக்குதும்மா. எங்க வளையத்துல இருக்கிற அதே இரும்பு. ஒரு தடவை வெளிய நின்னு பாத்துக்கிறேனே.”

“கிராணம் இன்னொரு தடவை வரும். புள்ள வருமா?”

அஞ்சலாட்சி உள்ளறைக்குப் போனாள். துணைக்குச் சுலோசனாவையும் உள்ளே அனுப்பி, கன்னியம்மாள் கதவைச் சாத்தினாள். சன்னலில் போர்வை தொங்கியது.

தெரு அடங்கிவிட்டது. சைக்கிள் மணிகூட இல்லை. ஊரே கடலுக்கடியில் போய்விட்டது போலிருந்தது. இருட்டு பழகியதும், ஓட்டு இடுக்குகள் வழியே வந்த வெளிச்சம் தரையில் சிந்திக் கிடப்பதைச் சுலோசனா பார்த்தாள். வட்டம் வட்டமாக விழவேண்டிய வெளிச்சம், வெட்டிப்போட்ட நகங்களைப் போல வளைந்து கிடந்தது.

“அக்கா, இது என்னா?”

பாயில் படுத்திருந்த அஞ்சலாட்சி தலையைத் திருப்பினாள். “சூரியன்டி,” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனை வரைஞ்சு காட்டுது. அம்மா வெளிய பூட்டினதை ஓடு உள்ள விட்டுடுச்சு.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறைகள் மெலிந்தன. அறை சாம்பல் நிறமாகி, நீலம் கலந்து, எங்கேயோ நழுவிக்கொண்டிருந்தது. பெரிய பிறை ஒன்று தரையைக் கடந்து பாயின் விளிம்பில் ஏறியது. பிறகு புடவை மடிப்பில். அஞ்சலாட்சி நகர்ந்து படுக்கவும் இல்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

பட்டால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். தமிழிலும் தெரியும், பிரெஞ்சிலும் தெரியும். பிறை வயிற்றுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“சுலோ,” என்றாள், பிறைக்கும் வயிற்றுக்கும் நடுவே காட்டி, “உன் கையைக் கொஞ்சம் இங்க வையேன்.”