ஜீப்புக்குப் பேசிய பேரம்

இன்னைக்குக் காலையில இரத்தினபுரிக்குப் புது ஜீப் வாங்கப் போனோம். எங்க தோட்டத்து ரோட்டுக்குக் கார் தாங்காது.

பஸ்ஸுல வழி முழுக்க என் மனைவி தேவிக்குப் பாடம் எடுத்தேன்.

"பிடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டிராத. சும்மா பாக்க வந்த மாதிரி இரு."

கடை முதலாளி ஒரு முஸ்லிம் அண்ணன், எங்க பக்கம் நானான்னு கூப்பிடுவோம். நான் ஜீப்பை ஏனோதானோன்னு ஒரு சுத்து சுத்தி வந்து சொன்னேன்.

"அம்பதாயிரம் குறைச்சா யோசிக்கலாம் நானா. அவிசாவளையிலயும் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம்."

அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.

நானா என்னைப் பாக்கல. தேவி மடியில இருந்த பையைப் பாத்தாரு. மேல பூமாலை எட்டிப் பாக்குது. கீழ தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம். காலண்டர்ல நல்ல நேரம் பாத்து, அதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னதே நான்தான்.

"டீ குடிங்க தம்பி. அவிசாவளைக்கும் போய்ப் பாத்துட்டு ஆறுதலா, அவசரமில்லாம வாங்க. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமே."

மணி பத்து. தேவி என்னை ஒரு பார்வை பாத்தா.

கையெழுத்துப் போட்டேன், அவர் சொன்ன விலைக்கே.

வெளிய வந்து நாலு சக்கரத்துக்கும் அடியில எலுமிச்சம்பழம் வைக்கப் போனா, பையில ரெண்டு பழம்தான் இருக்கு. நானா உள்ள போய் மேசை லாச்சியைத் திறந்து இன்னும் ரெண்டு எடுத்து நீட்டுனாரு.

"உங்க ஆளுங்களுக்குன்னே வாங்கி வைக்கிறது தம்பி. காசு வேணாம்."

மூணு நாள் ஒத்திகை பாத்துப் பேசுன பேரத்துல நமக்கு லாபம் அந்த ரெண்டு எலுமிச்சம்பழம்தான்.

வாகனம் வாங்குனவங்க சொல்லுங்க, உங்களுக்கு எத்தனை பழம் கெடச்சுது?