சுபத்துக்கு ஒரு டிஸ்க், துக்கத்துக்கு ஒரு டிஸ்க்

எங்கள் கடையில் கல்யாணத்துக்கும் பேனர் அடிப்போம், சாவுக்கும் அடிப்போம். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள், முதலாம் ஆண்டு நினைவு, எது வந்தாலும் செய்வோம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு லேமினேஷன் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் தமிழ் டைப்பிங் பழகினேன். தலை நரைக்க ஆரம்பித்த பிறகு சர்வர் வந்தது.

சர்வரை என்னிடம் கொடுத்தது திறமைக்காக அல்ல. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஓனர் கேட்டபோது மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் சட்டென்று பேச வராது. என் காரணத்தை நான் யோசித்து முடிப்பதற்குள், "அப்ப சரி, மாப்ள பாத்துக்கிருவாப்ல" என்று ஓனர் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பு எங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. கிழக்குப் பார்த்தது சுபம். தெற்குப் பார்த்தது துக்கம். கல்யாணப் படத்தைத் துக்கக் கம்ப்யூட்டரில் திறக்கக் கூடாது. பென் டிரைவ்கூட தனித்தனி. ஓனரின் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வந்து, சுபக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி காட்டிவிட்டுப் போவார். தெற்குப் பக்கம் திரும்பமாட்டார். ஆயுத பூஜைக்கு மட்டும் அதற்கும் ஒரு பொட்டு உண்டு. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கு இந்தப் பிரிவினை விளங்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்குக் கல்யாணமும் அடக்கப் பூசையும் ஒரே கோயிலில்தான், ஒரே பீடத்துக்கு முன்னால்தான். ஆனால் கடை அவர்களுடையது.

வேலை கூடியபோது டிசைன் செய்பவர்களும் கூடினார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் தேடுவதே பாதி நாள் வேலையாக இருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவரை ஓனர் அழைத்து வந்தார். அவர் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினார். எல்லாக் கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டியிலிருந்து படம் எடுத்து, அதிலேயே திரும்ப வைக்கும். உள்ளே புதுவகை ஃபைல் சிஸ்டம் ஒன்று ஓடுகிறது என்றார். எனக்குப் புரிந்தவரை அது மூன்று காரியம் செய்யும்.

எதை எழுதினாலும் இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். இதற்கு மிரர் என்று பெயர். ஒரு டிஸ்க்கில் ஏதாவது கெட்டுப்போனால், இன்னொன்றைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். மாதம் ஒருமுறை எல்லா ஃபைலையும் ஒன்றுவிடாமல் படித்துச் சரிபார்க்கும். கடைசியாக, ஸ்னாப்ஷாட். அந்த நேரத்தில் எந்த ஃபைல் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நாம் ஃபைலை அழித்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குள் அது இருக்கும். தினமும் எடுப்பது சில வாரங்களில் தானே போய்விடும். மாதத்துக்கு ஒன்றாக எடுப்பது ஒரு வருஷம் இருக்கும்.

சர்வீஸ்காரர் சுபம், துக்கம் என்று இரண்டு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தார். திரையில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. கிழக்குப் பார்த்த கம்ப்யூட்டரில் துக்கம் தெரியாது. தெற்குப் பார்த்ததில் சுபம் தெரியாது. அக்காவுக்குத் திருப்தி. வெள்ளிக்கிழமைகளில் பெட்டியின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா பெட்டிக்கு முன்னால் குனிந்து, டிஸ்க் செருகியிருக்கும் இரண்டு கதவுகளையும் பார்த்தார்.

"இதுல எதுண்ணே சுபம்? நேரா அதுக்கே வச்சிர்றேன்."

என்னால் சட்டென்று பொய் சொல்லவும் முடியாது, நீளமாக விளக்கவும் முடியாது.

"ரெண்டுலயும் ரெண்டும் இருக்குக்கா."

அக்கா குங்குமச் சிமிழை மூடினார். "எம்பொண்ணு நிச்சயதார்த்தப் படம் எதுல இருக்கு?"

"ரெண்டுலயும்."

"செத்தவுக படம்?"

"அதுவும் ரெண்டுலயும்தான்க்கா."

அவர் பொட்டு வைக்காமலே போய்விட்டார். அரைமணி நேரத்தில் ஓனர் வந்தார். "மாப்ள, இத மொதல்ல பிரிச்சிரு. என்னால வீட்டுல இருக்க முடியல" என்றார்.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். பிரிக்கலாம் என்றார். ஆனால் பிரித்த பிறகு ஒரு டிஸ்க் கெட்டால் திருத்த இன்னொன்று இருக்காது என்றார். அதை ஓனரிடம் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாப்போம்" என்றார். பிரிப்பதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளைதான். ஜோடியாக ஓடிய டிஸ்க்குகள் அந்த வரியோடு தனித்தனி ஆகிவிட்டன. இரண்டிலும் எல்லாம் இருந்ததால், ஒன்றிலிருந்து துக்கத்தை நீக்க வேண்டும், மற்றதிலிருந்து சுபத்தை நீக்க வேண்டும். அடியோடு அழிக்க டெஸ்ட்ராய் என்று ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுங்கள் என்று சர்வீஸ்காரர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை டைப் அடிக்க எனக்குக் கை வரவில்லை. எல்லாரும் செய்வதுபோல ஃபைல்களைத் தேர்வு செய்து, டிலீட் அழுத்தினேன். ஃபோல்டர் காலியாகத் தெரிந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கடையில் மூத்த டிசைனர் ஒரு பெண். வாய் சும்மா இருக்காது. "தனிக்குடித்தனம் வச்சாச்சாண்ணே? பால் காய்ச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா இடது டிஸ்க்குக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தார். வலது டிஸ்க்குப் பக்கம் ஒரு காலண்டர் அட்டையைச் சாத்தி மறைத்தார். அதனால் காற்றோட்டம் கெட்டது. அவர் போனதும் அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

கல்யாண பேனர் வேலை தொடங்கியது. மண்டப வாசலுக்குப் பெரியது ஒன்று, சமயநல்லூரில் அக்காவின் பிறந்த வீட்டுக்கு முன்னால் ஒன்று. அக்கா வந்து டிசைனர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துத் தாய்மாமன்கள் எல்லாரும் திரையில் வந்தார்கள். அக்கா மேல் மூலையைக் காட்டினார்.

"இங்க எங்கப்பா வரணும்."

அவர் அப்பா இறந்துபோனவர். கல்யாண பேனரில் இறந்த பெரியவர்களை மேலே போட்டு, 'தெய்வத்திரு' என்று பெயருக்கு முன்னால் எழுதுவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவர் படம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் டிசைனருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவரை நான் பார்த்திருக்கிறேன். சமயநல்லூரில் வயல்காரர். காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்தால், மதியம்வரை டீக்கடை பெஞ்சில்தான் இருப்பார். பெஞ்சில் யாரும் இல்லையென்றால் உட்காரமாட்டார். ஆள் வரும்வரை ரோட்டில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி நின்றபோது யாரோ போனில் எடுத்த படம் அது. எதிரே வருகிற ஆளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது அதில் அப்படியே விழுந்திருந்தது. அவர் இறந்தபோது அந்தப் படத்தை வாங்கித்தான், பின்னால் இருந்த பஸ்ஸை நீக்கி, சட்டையை வெள்ளையாக்கி, கண்ணீர் அஞ்சலி அடித்தோம். போன் பிறகு கிணற்றில் விழுந்தது. வாட்ஸப்பில் வந்தது இப்போது திறப்பதில்லை. வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் தோற்றம், மறைவு எல்லாம் முகத்துக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதைக் கல்யாணத்துக்கு எடுக்க முடியாது. வாக்காளர் அட்டையில் இருப்பது அவர்தான் என்று அட்டையைப் படித்தால்தான் தெரியும்.

"துக்கத்துலதான்க்கா இருக்கு" என்றார் டிசைனர்.

அக்கா தான் சாத்திவைத்த காலண்டர் அட்டையைப் பார்த்தார். "ஒரு தடவைதான, எடுங்க. எடுத்துட்டுச் சூடம் காட்டிக்கிறேன்" என்றார்.

நான் தெற்குப் பார்த்த கம்ப்யூட்டரில் போய்த் திறந்தேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். படிக்க முடியவில்லை என்று வந்தது. சர்வரின் நிலையைக் கேட்டேன். டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டிருக்கிறது, திருத்த வழியில்லை, பாதிக்கப்பட்ட ஃபைல் இது என்று ஒரே ஒரு ஃபைலின் பெயரைக் காட்டியது. அக்காவின் அப்பா.

"அம்புட்டு பேரு இருக்காக, இவருதானா அம்புட்டாரு?" என்று டிசைனர் கேட்டார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

பிரிக்காமல் இருந்திருந்தால், மற்ற டிஸ்க்கைப் பார்த்து அதுவே திருத்தியிருக்கும். யாருக்கும் தெரிந்தே இருக்காது. இதை நான் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவர் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்லாம அடிச்சிருவமாக்கா? சாயங்காலம் பிரிண்டுக்குப் போகணும்" என்றார் டிசைனர்.

"எங்கப்பா இல்லாம எப்பிடி அடிக்கிறது? வந்து நிக்கிறவுக மொதல்ல அவரத்தான் தேடுவாக."

சந்துக்கு வெளியே போய் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். ஆட்களுக்கு முன்னால் என்னால் போனில் பேச முடியாது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, சுபம் டிஸ்க்குல இருந்து துக்கத்த எடுத்தீகள்ல, டெஸ்ட்ராய் குடுத்தீகளா, டிலீட் பண்ணீகளா?"

"டிலீட்தான்."

"சொன்னத ஒழுங்கா செய்யல."

"ஆமா."

"நல்லதாப் போச்சு. ஸ்னாப்ஷாட்டுக்குள்ள போய்ப் பாருங்க."

உள்ளே வந்து அவர் சொன்னபடி டைப் அடித்தேன். இடது டிஸ்க்கில், பொட்டு வைத்திருந்த டிஸ்க்கில், காலியாகத் தெரிந்த ஃபோல்டருக்குள் மறைவாக ஒரு இடம் இருந்தது. அதில் மாத ஸ்னாப்ஷாட்டைத் திறந்தேன். வரிசையாக எல்லாரும் வந்தார்கள். நடுவில் அவரும் இருந்தார். திறந்தேன். யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அழுதார் என்று சொல்ல முடியாது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிசைனர் படத்தை எடுத்து மேல் மூலையில் வைத்தார். அக்கா கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். மாப்பிள்ளையைவிடப் பெரிதாகிவிட்டது. பிறகு குறைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னைக் கேட்டார்.

"கெட்டுப்போச்சுன்னீகளே. எங்க இருந்துண்ணே எடுத்தீக?"

"சுபத்துல இருந்துதான்க்கா."

"எங்கப்பா அங்கயா இருந்தாரு?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. "மத்தவுக?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் இருக்காகக்கா. நான் அழிச்சது மேலதான். உள்ள அப்பிடியே இருக்காக."

அக்கா இடது டிஸ்க்கைப் பார்த்தார். அதே டிஸ்க்கில் அவர் மகளின் நிச்சயதார்த்தமும் இருந்தது.

"எங்கப்பா மட்டும் இருக்கட்டும், மத்தவுகள எடுத்துருங்க."

"அப்பிடி முடியாதுக்கா. ஸ்னாப்ஷாட்டுக்குள்ள இருந்து ஒருத்தர மட்டும் எடுக்க விடாது. இருந்தா எல்லாரும் இருப்பாக. அழிச்சா மொத்தமா போயிருவாக."

"அதான் அப்பா படத்த வெளிய காப்பி எடுத்தாச்சே. அவர சுபத்துல தனியா ஒரு ஃபோல்டர்ல வச்சிக்கிட்டு, மத்தத மொத்தமா அழிச்சிரலாமே" என்றார் டிசைனர். சரியான யோசனைதான். என் கை கீபோர்டின் மேல் இருந்தது. அந்த வார்த்தையை இந்தத் தடவை அடித்துத்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் அவர் அப்பாவுக்கு மேலும் கீழும் யார் யாரோ இருந்தார்கள். ஒருவர் சமயநல்லூர்க்காரர். அவருடைய முதலாம் ஆண்டு நினைவும் நாங்கள் அடித்ததுதான்.

"இது டீக்கடைக்காரருல்ல?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"விடுங்க. அப்பிடியே இருக்கட்டும். எங்கப்பா ஆளில்லாத எடத்துல ஒக்கார மாட்டாரு."

பேனர் சாயங்காலம் பிரிண்டுக்குப் போனது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் பெண், மாப்பிள்ளையைவிட அக்காவின் அப்பா படத்துக்கு முன்னால்தான் ஆட்கள் அதிகம் நின்றார்கள். ஒருவர், "என்னப் பாத்துச் சிரிக்கிறாப்ல பாரு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அவர் சாப்பாட்டுக்கு உள்ளே போனபிறகு நானும் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார்.

கல்யாணம் முடிந்த வாரம் ஓனர் என்னிடம் வந்து, "சேத்துரு மாப்ள. அவளே சொல்லிட்டா" என்றார். ஸ்னாப்ஷாட்டுக்குள் இருந்தவர்களைப் பழையபடி துக்கம் ஃபோல்டருக்குக் கொண்டுவந்தேன். துக்க டிஸ்க்கில் பிரித்த பிறகு சேர்ந்த படங்களையும் எடுத்து இடது டிஸ்க்கில் வைத்தேன். வலது டிஸ்க் கெட ஆரம்பித்துவிட்டதால், புதியது ஒன்று வாங்கிச் செருகினோம். இடது டிஸ்க்கைப் பார்த்துப் புதியது எழுதிக்கொள்ள ஆரம்பித்தது. அன்று வெள்ளிக்கிழமை. அக்கா வந்து, எது வரை வந்திருக்கிறது என்று கேட்டார். பாதி என்றேன்.

"எங்கப்பா ஏறிட்டாரா?"

"தெரியலக்கா. வரிசையா சொல்லாது."

அவர் குங்குமச் சிமிழை எடுத்தார். தூள் உள்ளே போனால் ஃபேனில் அடைத்து டிஸ்க் சூடாகும் என்று அன்றைக்குத்தான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். கோபப்படவில்லை. சிமிழைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். இடது கதவில் ஒன்று ஒட்டினார். வலது கதவில் ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு அதே அளவில் ஒன்றை எடுத்து அங்கேயும் ஒட்டினார்.