இரும்பு இரண்டு, இரும்பு மூன்று

கச்சான் என்கிற நிலக்கடலைக்கு மருந்தடித்த காலையில் தோட்டத்தில் அப்பா, அம்மா, நான் இருந்தோம். அக்கா இல்லை. அவள் கட்டார் நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். விதையும் உழவுக் கூலியும் அவள் அனுப்பியது. கச்சான் விளைந்தால் ஊருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

செட்டிபாளையத்து மணலில் இளம் இலைகள் வெளுத்திருந்தன. இரும்புக் குறைபாடு, இரும்பு(II) சல்பேற்று அடியுங்கள் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார். கடையில் வாய் திறந்து கிடந்த சாக்கின் அடியில் மிச்சமிருந்ததை, சாக்கோடு மலிவாக வாங்கி வந்தேன்.

அப்பா கையில் அள்ளிப் பார்த்தார். "பச்சையா இருக்கும் எண்டுதானே அவர் சொன்னவர். இது கருவாட்டுத்தூள் மாதிரிப் பழுப்பாக் கிடக்கு."

"சாக்கில பேர் சரியா இருக்கப்பா, இரும்பு ரெண்டு சல்பேற்று."

"அதென்ன ரெண்டு? ரெண்டாந்தரமோ?"

உயர்தரத்தில் படித்ததைச் சொன்னேன். துத்தநாகத்துக்கு ஒரே மின்னேற்றம்தான், அதனால் எண் வேண்டாம். இரும்பு தாண்டல் உலோகம். அதற்கு இரண்டும் வரும், மூன்றும் வரும். சல்பேற்றுக்கு மறை, அதாவது மைனஸ், இரண்டு. ஒரு சல்பேற்றுக்கு ஓர் இரும்பென்றால் அந்த இரும்புக்கு நேர் இரண்டு, பெயர் இரும்பு(II) சல்பேற்று. மூன்று சல்பேற்றுக்கு இரண்டு இரும்பென்றால், மறை ஆறைச் சமப்படுத்த ஆளுக்கு மூன்று. அது இரும்பு(III).

"படிச்ச புள்ள சொல்லுது, நீங்க அடிங்க" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் எழுத்து வாசிப்பவன் நான் ஒருவன்தான். நான் வாசித்துச் சொன்னதை அங்கே யாரும் மறுத்ததில்லை. அப்பா தோளில் தெளிகருவியை மாட்டினார்.

இரண்டு வாரமாகியும் இலை பச்சையாகவில்லை. குருத்துகள் காய்ந்தன. போதனாசிரியர் வந்து சாக்கில் மிஞ்சியதைப் பார்த்தார்.

"தம்பி, காத்துப்பட்டுக் கிடந்து இது எப்பவோ இரும்பு மூண்டா மாறிட்டு. இதை இலை எடுக்காது. நிறத்தைப் பாக்கல்லயா?"

"பேரைப் பாத்தன் சேர்."

புதிதாக வாங்கி அடிக்கப் பருவம் கடந்துவிட்டது என்றார். பிடுங்கியபோது பெரும்பாலும் பருப்பில்லாத பொக்குக் காய்கள். அவற்றை யாரும் வாங்கவில்லை. அப்பா திட்டவில்லை. அம்மா அன்றும் சோறு போட்டாள், நானும் சாப்பிட்டேன். ருசி நினைவில் இல்லை.

அக்காவிடம் தொலைபேசியில் நான்தான் சொன்னேன். "சரி விடு" என்றாள். பிறகு ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டினாள். விதை, உழவு, தண்ணீர் இறைத்த மண்ணெண்ணெய், அந்தச் சாக்கு எல்லாம் சேர்த்து நட்டம் எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபா.