தலைப்பிரட்டை பிறந்த வீடு

மங்களா அக்கா போய்விட்டார். செம்பூரிலிருந்து காலையில் அவர் தம்பி மகள் போன் பண்ணினாள்...

டாக்டர் மங்களா. அறுபதுகளில், குளோனிங் என்றால் என்னவென்றே பம்பாயில் யாருக்கும் தெரியாதபோது, தவளைக் கருவில் அதைச் செய்து பார்த்தவர். நான் அவருடைய லேப் அசிஸ்டென்ட்.

தாராவிக்காரி நான், தவளையைக் கண்டால் அலறுவேன். "கடிக்காதுடி" என்று முதல் நாளே ஒன்றை என் கையில் வைத்தார். நல்ல மனுஷி!

வேலை இதுதான். ஒரு தவளை முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, வேறொரு தவளையின் உடல் செல்லில் இருந்த உட்கருவை அதில் வைப்பது. மழைக்காலத்தில் மட்டும்தான் முட்டை கிடைக்கும். வைத்ததெல்லாம் செத்துக்கொண்டே இருந்தது. இந்த சீசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

சீசன் கடைசியில் பேய்மழை. லேபுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை. உயிரோடு மிச்சமிருந்த கருக்கள் கொண்ட ஒரே தட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா லோக்கல் ரயிலில் மாட்டுங்கா வீட்டுக்குக் கிளம்பினார். நான் பக்கத்தில் இருந்து, இடிக்க வந்த பொம்பளைகளிடம் எல்லாம் "பாயீ, சம்பால்கே! பாத்து, பாத்து!" என்று கத்திக்கொண்டே போனேன்.

வீட்டில் குளுமையான இடம் பூஜை அலமாரிக்குக் கீழேதான். அக்காவின் அம்மா ரொம்ப ஆசாரமான மாமி. ஆனாலும் தட்டை அங்கே வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார். எனக்குத்தான் பயம்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால்... தட்டில் ஒரு தலைப்பிரட்டை வாலை ஆட்டுகிறது! ஒன்றே ஒன்று.

ஆனால் பூஜை அலமாரியில் விளக்கு எரியவில்லை. போச்சு, மாமிக்குக் கோபம் என்று நினைத்தேன்.

"ஏன் மாமி, விளக்கு பொருத்தலியா?"

"ஆத்துல குழந்தை பொறந்திருக்கோன்னோ? தீட்டு. எப்படிடீ ஏத்தறது?"

கல்யாணமே வேண்டாம் என்று லேபே கதியாகக் கிடந்த அக்கா, ஓவென்று அழுதார். நானும்தான்.

ரொம்ப வருஷம் கழித்து, வெளிநாட்டில் ஆட்டையே குளோன் பண்ணிவிட்டார்கள் என்று டி.வி.யில் பார்த்து அக்காவுக்கு போன் பண்ணினேன். "ஆடு நன்னா சாப்பிடறதாமா?" என்றுதான் கேட்டார்.

இன்று பொழுது சாய்ந்ததும் மகன் கேட்டான். "க்யா ஹுவா மா, விளக்கு ஏத்தலையா?"

"தீட்டுல. எங்க அக்கால்லா போயிருக்காவ."

போய் வாங்கக்கா...