படிக்கட்டில் கழற்றிய செருப்பு

செவ்வந்தி ஊரில் சொன்னது என்னவோ, சென்னையில் மெட்ரோவில் வேலை என்று மட்டும்தான். மிச்சத்தை மணலூர்பேட்டையே சேர்த்துக்கொண்டது. டிக்கெட் கொடுக்கிறாள் என்றார்கள், பிறகு ஆபீசர் என்றார்கள். அவள் அம்மா இருசம்மாள் ரேஷன் கடை வரிசையில்கூட அதைச் சொல்லிப் பூரித்தாள். அப்படிப் பூரிக்கிற மனுஷியிடம் போய், நான் தரை துடைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கொரோனாவைச் சாக்குச் சொல்லி, ஊருக்கே போகாமல் காலத்தை ஓட்டினாள்.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக வேன் கிளம்பிய டிசம்பர் அது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன் காலையில் போன் செய்தார். அம்மா ஏறி வந்த வேனைச் சென்னைக்கு வெளியிலேயே போலீஸ் மடக்கிவிட்டதாம். போராட்டத்தை நீங்கள் பாருங்கள், நான் பெண்ணைப் பார்க்கிறேன் என்று இருசம்மாள் இறங்கி நடையைக் கட்டிவிட்டாளாம். கொழுப்பைப் பாருங்கள், கொடி பிடிக்கப் போன வண்டியில் ஓசிச் சவாரி!

செவ்வந்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூண்களின் மேல் நிற்கிற கடைசி ஸ்டேஷனில் வேலை என்று எப்போதோ போனில் அம்மாவிடம் உளறியிருந்தாள். ரயிலே அதற்கு மேல் போகாது, இவள் எங்கே போய் ஒளிவாள்? பையிலிருந்த சேலையைக் கட்டிக்கொண்டு கவுன்ட்டர் பக்கம் நின்றுவிடலாமா என்று யோசித்தாள். சூப்பர்வைசர் விடவில்லை. அந்தக் கவுன்ட்டர் முன்னாலேயே துடைக்கச் சொன்னார். தலை நிமிராமல் துடைத்து முடித்தாள்.

அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தால், செக்யூரிட்டி கூப்பிட்டார். கீழே படிக்கட்டு ஓரம் யாரோ செருப்பை விட்டுப் போயிருக்கிறார்கள், எடுத்துப் போடு என்றார். போய்ப் பார்த்தாள். ஜோடியாகக் கழற்றி வைத்த ரப்பர் செருப்பு. அறுந்த வாரில் ஊக்கு. கொரோனாவுக்கு முன்னால், போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த ஊக்கைக் குத்தியவளே செவ்வந்திதான். பளபளக்கிற தரையைப் பார்த்ததும், வீட்டுக்குள் நுழைகிற மாதிரி கழற்றிப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறாள் அம்மா.

செருப்பும் கையுமாக மேலே ஓடினாள். கவுன்ட்டர் முன்னால், ஈரத்தின் விளிம்பில், வெறுங்காலோடு இருசம்மாள் நின்றிருந்தாள். ஜனம் ஈரத்தை மிதித்துக்கொண்டு போனது. அவள் மட்டும் நகரவில்லை. யூனிஃபாரமும் மாஸ்க்குமாக வந்தவளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அது என்னுதுதாங்க. தரை காயட்டும்னு நிக்கிறேன். யாரு பெத்த பொண்ணோ, பாவம், குனிஞ்சி குனிஞ்சி தொடச்சிகினு இருந்திச்சி."

செவ்வந்தி மாஸ்க்கை இறக்கினாள். "நீ பெத்த பொண்ணுதாம்மா."

இருசம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களைப் பார்த்தாள். அவற்றைப் பிடித்து முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள்.

டூட்டி முடிய நேரமிருந்தது. செவ்வந்தி எவ்வளவு சொல்லியும் அவள் செருப்பைப் போடவுமில்லை, உட்காரவுமில்லை. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மகள் துடைக்கிற இடமெல்லாம் கூடவே போய் நின்றாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சத்தமாகச் சொன்னாள்:

"சுத்திக்கினு போங்க. எம் பொண்ணு தொடச்சிருக்கா."